ஐந்துகால் யானைக்கு உத்தரவாதம்

இதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. சுத்த வெள்ளிக் காசு ஒன்றை வலது உள்ளங்கையில் இறுக்கிப் பிடித்து, அதன் மேல் ஆணையாக இதை எழுதுகிறேன். வலது கையில் காசு இருப்பதால் எழுதுவது இடது கை. எழுத்து கோணலாக இருந்தால், அது உண்மைக்குக் கொடுத்த விலை என்று எடுத்துக்கொள்ள வேண்டும்.

நான் முப்பத்தொரு வருடம் கண்டியில் வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் வாசித்தவன். மீட்டரில் என்ன தெரிகிறதோ அதைத்தான் எழுத வேண்டும். கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. ஒரு தடவை அம்பிட்டியவில் ஒரு வீட்டு மீட்டருக்குள் தவளை ஒன்று உட்கார்ந்திருந்தது. இலக்கம் ஒன்றும் தெரியவில்லை. தெரிந்ததை எழுத வேண்டும் என்பதால் புத்தகத்தில் ‘தவளை’ என்று எழுதினேன். அந்த மாதம் அந்த வீட்டுக்குப் பில் போகவில்லை. அப்படிப்பட்ட பழக்கம் உள்ளவன் சொல்கிறேன்.

பென்ஷன் எடுத்த பிறகு நான் போய் உட்கார்ந்த இடம் என் நண்பன் சுந்தரலிங்கத்தின் கடை. ஒரு மருந்துக் கடைக்கும் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடைக்கும் நடுவே, ஆள் பக்கவாட்டில் ஏற வேண்டிய படிக்கட்டு. ஏறினால் மேல்மாடியில் பழைய நாணயக் கடை. ஒரு கண்ணாடி அலுமாரி, ஒரு சின்னத் தராசு, இரண்டு கதிரை. ஒன்று வாடிக்கையாளருக்கு, மற்றது எனக்கு. வாடிக்கையாளர் இரண்டு பேராக வந்தால் ஒருவர் நிற்பார்.

பழைய காசு வாங்குகிறவர்களுக்கு ஒரே ஒரு பயம்தான். போலி. விற்ற காசு போலி என்று தெரிந்த பிறகு கடைக்காரர் என்ன செய்வார் என்பதில் கடைக்குக் கடை வித்தியாசம் உண்டு. சிலர் ஏழு நாள் தருவார்கள். சிலர் நிபுணர் கடிதம் கேட்பார்கள். எனக்குத் தெரிந்த ஒரு கடையில், காசைத் திருப்பிக் கொண்டு போனால், முதலாளி கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு ‘முதலாளி வெளியே போயிருக்கிறார்’ என்று சொல்வார்.

சுந்தரலிங்கம் மட்டும் நாள் கணக்கு இல்லாமல் திருப்பி எடுப்பான். நல்ல மனம் காரணம் அல்ல. மனைவி காரணம்.

அவள் பெயர் கலாராணி. அவளுடைய அப்பா தோட்டத்தில் வேலை செய்தவர். தேயிலைச் செடிக்கடியில் மண்ணைக் கிண்டும்போது அவருக்கு ஒரு வெள்ளிக் காசு கிடைத்திருக்கிறது. கண்டிக்குக் கொண்டு வந்து ஒரு வியாபாரியிடம் காட்டினார். ‘இது போலி பெரியவர், பிள்ளைகள் விளையாடட்டும்’ என்று சொல்லி அந்த ஆள் ஐந்து ரூபாவைக் கொடுத்துக் காசை எடுத்துக்கொண்டார். அடுத்த மாதம் அதே ஆள் புது மோட்டார் சைக்கிளில் போனார். அதற்குப் பிறகு கலாராணியின் அப்பா எந்த மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டாலும் எழுந்து நின்று பார்ப்பார். சாகும்வரை அப்படித்தான். அயலில் உள்ளவர்கள் அது மரியாதை என்று நினைத்தார்கள்.

ஆகையால் கல்யாணமான புதிதில், புருஷன் செய்யப்போவதும் அதே தொழில்தான் என்று தெரிந்ததும், கலாராணி அவனைப் பிள்ளையார் கோயிலுக்குக் கூட்டிப் போனாள். கற்பூரம் ஏற்றினாள். இரண்டு சத்தியம் வாங்கினாள்.

முதலாவது: நான் விற்ற காசு நான் சொன்ன மாதிரி இல்லை என்று யார் எப்போது கொண்டு வந்தாலும் முடியாது என்று சொல்ல மாட்டேன். வாங்கிய பணத்தைக் கொடுத்துத் திருப்பி எடுப்பேன். இரண்டாவது: அசல் காசைப் போலி விலைக்கு வாங்க மாட்டேன். இரண்டில் எதைத் தவறினாலும் அன்றைக்கே கடையைப் பூட்டி, சாவியைப் பிள்ளையார் உண்டியலில் போட்டுவிட்டு வேறு வேலை பார்ப்பேன்.

இரண்டு சத்தியத்துக்கும் ஒரே கற்பூரம். அன்று கையில் இருந்தது ஒரு துண்டுதான். தனித்தனியாக ஏற்றியிருந்தால் பின்னால் வந்த சிக்கல் வந்திருக்காது என்பது என் கருத்து.

அந்த யானை கடைக்கு வந்தது 2022ஆம் வருடம், மின்வெட்டுக் காலத்தில். பிஸ்கட் டின் ஒன்றில் பழைய காசுகளைப் போட்டு யாரோ ஒருவர் விற்றுவிட்டுப் போனார். மெழுகுதிரி வெளிச்சத்தில் சுந்தரலிங்கம் அவற்றைப் பார்த்தான். அதில் ஒன்று யானைக் காசு: ஒரு பக்கம் இங்கிலாந்து ராஜாவின் தலை, மறுபக்கம் யானை. இருநூறு வருடத்துக்கு முன் இந்த நாட்டுக்கென்று அடித்த வெள்ளிக் காசு. கறுத்துப் போயிருந்தது. ராஜாவின் முகம் சரியாக இருந்தது. யானையும் யானை மாதிரித்தான் இருந்தது. மெழுகுதிரியில் கால் எண்ண யாருக்குத் தோன்றும்?

அதை வாங்கியவர் சண்முகநாதன். யாழ்ப்பாணத்துக்காரர், கணக்காளராக இருந்து ஓய்வு பெற்று மகள் வீட்டோடு கண்டியில் இருக்கிறார். மூன்று கிழமை கழித்து, வெயில் நேரம் பார்த்து வந்தார். காசை மேசையில் வைத்தார்.

“தம்பி, யானைக்கு எத்தினை கால்?”

சுந்தரலிங்கம் என்னைப் பார்த்தான். நான் நாலு விரலைக் காட்டினேன்.

“நாலுங்க ஐயா.”

“அப்ப இதை எண்ணும்.”

சுந்தரலிங்கம் எண்ணினான். பூதக்கண்ணாடியை எடுத்து இன்னொரு தடவை எண்ணினான்.

“ஒண்ணு வாலா இருக்குமோ?”

“வால் பின்னுக்குக் கிடக்கு. தும்பிக்கை முன்னுக்குக் கிடக்கு. ரெண்டையும் விட்டிட்டுத்தான் நான் எண்ணினனான். வீட்டில மனுசியும் எண்ணினவ. அஞ்சுதான்.”

அந்த ஐந்தாவது என்ன என்பது பற்றி அதற்குப் பிறகு கடைக்கு வந்த பலர் பல கருத்துச் சொன்னார்கள். அவை அச்சில் வரத்தக்கவை அல்ல.

சுந்தரலிங்கம் மேசை லாச்சியிலிருந்து காந்தத்தை எடுத்தான். வெள்ளி காந்தத்தில் ஒட்டாது. இந்தக் காசு ஓடிப்போய் ஒட்டிக்கொண்டது. அதோடு பேச்சு முடிந்தது. பணத்தை எண்ணிக் கொடுத்தான். சண்முகநாதன் வாங்கிக்கொண்டு, “நல்ல ஆள் தம்பி நீர், ஆனா எண்ணப் பழகும்” என்று சொல்லிவிட்டு இறங்கினார்.

சுந்தரலிங்கம் காசை ஓர் அட்டை உறையில் போட்டு, சிவப்பு மையால் ‘போலி’ என்று எழுதி அலுமாரியின் மூலையில் வைத்தான். யாரும் ஏமாறக்கூடாது என்றுதான். ஆனால் வந்தவர்கள் எல்லாரும் அசலை விட்டுவிட்டு மூலையைப் பார்த்தார்கள். ஐந்துகால் யானையைக் கண்டவர் யார் இருக்கிறார்கள்? கேட்டுக் கேட்டு, கடைசியில் போலி என்றே சொல்லி ஐயாயிரம் ரூபாவுக்கு விற்றான்.

வாங்கியவர் பல்லேகலவில் ஒரு தொழிற்சாலையில் கிரிக்கெட் குழுவுக்குத் தலைவர். நாணயச் சுழற்சிக்கு அந்தக் காசைக் கொண்டு போனார். ஐந்து காலில் நிற்கிற யானை விழாது என்பது யோசித்தால் விளங்கும். பதினான்கு போட்டியில் பதினான்கு தடவையும் யானை மேலே பார்த்து நின்றது. மற்றக் குழுக்கள் மனுக் கொடுத்தன. காசு திரும்பி வந்தது. சத்தியப்படி அதைத் திருப்பி எடுக்க வேண்டியதில்லை, சொன்னது போலி, விற்றதும் போலி. ஆனால் சுந்தரலிங்கத்துக்கு ‘முடியாது’ என்ற சொல்லே அந்த அளவுக்குப் பயமாகிவிட்டது. நாலாவது பிளேன்டீ வேண்டுமா என்று கேட்டால்கூட வாங்கிக் குடித்துவிடுவான்.

அடுத்தது பிரேமிளா என்று ஒரு பிள்ளை, வங்கியில் வேலை. பன்னிரண்டாயிரத்துக்கு வாங்கினாள். ஒரு மாதத்தில் முகம் வெளிறி வந்து நின்றாள்.

“அங்கிள், இத பர்ஸ்ல வச்சதிலருந்து பஸ் கண்டக்டர் எல்லாரும் மிச்சக் காசு குடுக்கிறாங்க.”

“நல்லதுதானே மகள்?”

“கேக்காமலே குடுக்கிறாங்க அங்கிள். ஓடி வந்து குடுக்கிறாங்க. எனக்குப் பயமா இருக்கு.”

அதையும் திருப்பி எடுத்தான். இப்படி ஒன்றரை வருடத்தில் ஆறு பேர். ஒவ்வொரு தடவை திரும்பி வரும்போதும் காசோடு ஒரு கதையும் வந்தது. கதை கூடக் கூட விலையும் கூடியது. ஏழாவதாக வந்தவர் நபீல், எங்களுக்கு நானா, அதாவது அண்ணன் முறை.

நபீலுக்குக் கடுகண்ணாவையில் மெயின் ரோட்டில் பித்தளைச் சாமான் கடை. குத்துவிளக்கு, தட்டு, சிறு மணி என்று சுற்றுலாக்காரர்களுக்கு விற்பவர். ஐந்துகால் யானையைக் கண்ணாடிப் பெட்டியில் வெல்வெட் துணி விரித்து வைத்தால், வாகனம் நிற்கும், ஆட்கள் இறங்குவார்கள் என்று கணக்குப் போட்டார். முப்பத்தெட்டாயிரத்துக்குப் பேசி முடித்தார்கள்.

“இது சுத்தப் போலிதானே முதலாளி? பொறகு ஒருத்தன் வந்து அசல்னு சென்னா எனக்கு வெக்கம்.”

“சந்தேகமே இல்லாத போலி நானா. கடை உத்தரவாதம்.”

“போலி இல்லாட்டி?”

“குடுத்த காசு அப்படியே திரும்ப.”

நான் அப்போது பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்துக்கொண்டிருந்தேன். அது உடைந்து உள்ளே விழுந்தது. நான் அதைச் சகுனமாக எடுத்துக்கொள்ளவில்லை. கரண்டியால் எடுத்துச் சாப்பிட்டேன்.

எட்டு மாதம் கழித்து நபீல் படியேறி வந்தார். கையில் ஒரு நெருப்புப் பெட்டி.

“முதலாளி, என்ட யானைக்கு ஒரு கால் கழன்டு போச்சு.”

நெருப்புப் பெட்டியைத் திறந்தார். உள்ளே பஞ்சு, பஞ்சின் மேல் அரிசிக் குருணை அளவில் ஒரு கறுப்புத் துண்டு. பக்கத்தில் காசு. காசு இப்போது கறுப்பாக இல்லை. பளபளவென்று வெள்ளையாக இருந்தது. யானை நாலு காலில் நின்றது.

நடந்தது இதுதான். நபீலின் கடையில் காலையில் பித்தளை எல்லாவற்றையும் துலக்கி வைப்பது வழக்கம். துலக்குகிற சாமானோடு சாமானாக இந்தக் காசையும் தினமும் துலக்கியிருக்கிறார். முதலில் கறுப்பு போனது. பிறகு ஒரு நாள் துணியில் கால் வந்துவிட்டது.

சுந்தரலிங்கம் காந்தத்தை எடுத்தான். கால் ஒட்டியது. காசு ஒட்டவில்லை. தராசில் வைத்தான். அசலின் எடை எவ்வளவோ அவ்வளவு. நகத்தில் நிறுத்திப் பென்சிலால் தட்டினான். அந்தச் சத்தம் அறைக்குள் கொஞ்ச நேரம் இருந்துவிட்டுத்தான் போனது. எந்தக் காலத்திலோ எந்தப் புத்திசாலியோ, கள்ளருக்குப் பயந்து, அசல் வெள்ளிக் காசில் இரும்புக் கால் ஒன்றை ஒட்டி, மேலே கறுப்பு அரக்குப் பூசி, போலி மாதிரி ஆக்கி வைத்திருக்கிறார். கள்ளரும் ஏமாந்தார்கள், நாங்களும் ஏமாந்தோம்.

“நானா,” என்றான் சுந்தரலிங்கம். “இது அசல்.”

“அப்ப நீங்க சென்னது பொய்.”

“பொய் இல்ல நானா, எனக்கும் தெரியாது. உங்களுக்கு அதிஷ்டம். இது ரெண்டு லட்சத்துக்குப் போகும்.”

“அதிஷ்டமா? வெள்ளக்காரன் பின்னவலவில நாலு கால் யானைய நூறு பாத்துட்டுத்தான் என்ட கடைப் பக்கம் வாறான். இன்னொரு நாலு கால் யானைக்கு அவன் எறங்குவானா? அசல வெச்சா இரும்புக் கதவு போடணும், நாய் வளக்கணும். எனக்கு வேணாம். உத்தரவாதம் தந்தீங்கதானே? போலி இல்லாட்டிக் காசு திரும்பன்னு. மீட்டர் ஐயாவும் கேட்டுட்டுத்தான் ஈந்தார்.”

மீட்டர் ஐயா என்பது நான். கேட்டுக்கொண்டுதான் இருந்தேன் என்று ஒப்புக்கொண்டேன்.

“சரி, நீங்க வேற யாருக்காவது வித்துடுங்களேன் நானா.”

“நான் பித்தள விக்கிறவன். காசு விக்கிறவன் நீங்க.”

சுந்தரலிங்கம் என் பக்கம் திரும்பி மெதுவாகச் சொன்னான். “அண்ணே, முடியாதுன்னு சொன்னா முதல் சத்தியம் போச்சு. முப்பத்தெட்டாயிரத்துக்கு எடுத்தா ரெண்டாவது போச்சு. அசல போலி விலைக்கு எடுத்ததா ஆகும்.”

“ரெண்டு லட்சம் குடுத்து எடுத்துடு.”

“ரெண்டு லட்சத்துக்கு எங்க போக?”

“இருந்தாலும் நான் எடுக்க மாட்டேன்,” என்றார் நபீல். அவருக்குக் காது நல்ல கூர்மை. “குடுத்தது முப்பத்தெட்டு. திருப்பிக் குடுக்கிற சாமான்ல லாபம் எடுக்கிற பழக்கம் எங்கட கடையில இல்ல. வாப்பா காலத்திலருந்தே இல்ல.”

சுந்தரலிங்கம் கொஞ்ச நேரம் அலுமாரியைப் பார்த்துக்கொண்டிருந்தான். இருபத்தாறு வருடக் கடை. ஒவ்வொரு உறையிலும் அவனுடைய கையெழுத்து. பிறகு எழுந்து, மின்விசிறியை நிறுத்தி, தராசை உறையால் மூடி, எங்கள் இருவரையும் வெளியே வரச் சொல்லி, கதவைப் பூட்டினான். பழைய காலத்துக் கதவு. சாவி ஒரு சாண் நீளம்.

“எங்க போறீங்க முதலாளி?”

“கோயிலுக்கு.”

“என்ட காசு?”

“வாங்க, வழியில பேசிக்கலாம்.”

வழியில் அவன் ஒன்றும் பேசவில்லை. நபீல் பின்னாலேயே வந்தார், அவருக்குச் சத்தியத்தின் கதையை நான்தான் சொன்னேன். பிறகு அவர் காசைப் பற்றிக் கேட்பதை விட்டுவிட்டு, கலாராணியின் இலக்கத்தை என்னிடம் கேட்டுக் கைபேசியை எடுத்தார். அவளிடம், “தங்கச்சி, ஓடி வாங்க, ஒங்கட மாப்பிள்ள கடையப் பூட்டிட்டார்” என்று சொன்னது கேட்டது.

கோயிலில் நடை திறந்திருந்தது. சுந்தரலிங்கம் செருப்பைக் கழற்றி, கும்பிட்டு, நேரே உண்டியலுக்குப் போய்ச் சாவியை விட்டான். பாதிதான் போனது. உண்டியல் வாய் காசுக்கும் நோட்டுக்கும் அளவெடுத்தது, ஒரு சாண் சாவிக்கு அல்ல. தலைப்பக்கம் திருப்பி விட்டுப் பார்த்தான். கால்பக்கம் விட்டுப் பார்த்தான். நானும் ஒரு கை கொடுத்து அமுக்கினேன், நண்பனுக்கு அதுகூடச் செய்யாவிட்டால் எப்படி. உள்ளேயிருந்து ஐயர் எட்டிப் பார்த்தார்.

“அங்க என்ன செய்றீங்க?”

“சாவி போடுறோம் சாமி,” என்றேன்.

“எதுக்கு?”

“போகுதில்ல.”

ஐயர் உண்டியலடிக்கு வருவதற்குள் வாசலில் முச்சக்கரவண்டி வந்து நின்றது. கலாராணி இறங்கினாள். கையில் மாவு காயவில்லை.

“என்னங்க, அத வெளிய எடுங்க.”

“சத்தியம், கலா.”

“சத்தியம் என்னன்னு எனக்குத் தெரியாதா? கற்பூரம் ஏத்தினது யாரு? எடுங்கங்கிறேன். நடந்தத சொல்லுங்க.”

கோயில் வாசல் படியில் வைத்து மூன்று பேரும் ஒரே நேரத்தில் சொன்னோம். அவள் காசை வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு நபீலைப் பார்த்தாள்.

“நானா, இத எதால துலக்கினீங்க?”

“புளியும் சாம்பலும்.”

“வேற?”

“பளபளப்பு வரணும்தானே. கொஞ்சம் செங்கல் தூள்.”

சுந்தரலிங்கத்தின் கையிலிருந்த சாவி படியில் விழுந்தது.

பழைய காசு வியாபாரத்தில் ஒரு சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விசயம் உண்டு. காசைத் துலக்கக்கூடாது. துலக்கினால் அதன் மேல் உள்ள தோல் போகும், தோலோடு விலையும் போகும். எட்டு மாதம் தினமும் செங்கல் தூள் போட்டுத் துலக்கிய காசுக்கு இரண்டு லட்சம் யார் தருவார்? சத்தியத்தை நினைத்த பதற்றத்தில் சுந்தரலிங்கம் தன் தொழிலையே மறந்துபோயிருந்தான்.

“அப்ப இதோட இன்னைய விலை என்னன்னு பாருங்க,” என்றாள் கலாராணி. “சரியா முப்பத்தெட்டு வந்தா, நானாவுக்கு அவரு குடுத்த காசும் போகும், அசலுக்கு அசல் விலையும் குடுத்ததா ஆகும். ரெண்டு சத்தியமும் நிக்கும்.”

நபீலின் முகம் மலர்ந்தது. “முப்பத்தெட்டேதான்! பாக்கவே தேவல்ல.”

“பாக்கணும்,” என்றாள் கலாராணி. அவள் குரல் ஏறவில்லை, ஆனால் ஐயர்கூட மணியை வைத்துவிட்டுக் கேட்டார். “எங்கப்பாவோட காச யாரும் பாக்கல. பாக்காமலே போலின்னுட்டாங்க. வேணுங்கிறதுக்காக ஒரு ரூபா குறைச்சாலும் நான் ஒத்துக்க மாட்டேன். நானே சாவிய உள்ள தள்ளுவேன்.”

சாவி போகாது என்று நான் சொல்ல நினைத்தேன். சொல்லவில்லை.

சுந்தரலிங்கம் சட்டைப் பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்தான். அதற்குப் பிறகு நடந்த பேரத்தைப் போல ஒன்றை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்க்கவில்லை. காசு கொண்டு வந்தவர் விலையைக் குறைக்கச் சொல்லிக் கத்தினார். வாங்குகிறவன் இறங்க மனமில்லாமல் நின்றான்.

“ஒன்னேகால் லட்சம்,” என்றான் சுந்தரலிங்கம்.

“என்ன கத கதைக்கிறீங்க? ராஜாட தலையப் பாருங்க. ஒரு முடி ஈக்கா? மொட்ட!”

“முன்னால போயிருக்கு. பின்னால கொஞ்சம் இருக்கு. தொண்ணூறு.”

“மூக்கு?”

“மூக்கு இருக்கு நானா.”

“எங்க ஈக்கி? தொட்டுப் பாருங்க, தட்டையா ஈக்கி. அவங்கட உம்மாக்கே அடையாளம் தெரியாது!”

“சரி, மூக்கு போச்சு. அறுபத்தஞ்சு.”

“யானைக்குக் கண்ணில்ல.”

“அது முந்தியே சின்னக் கண்ணுதான்.”

“கால் ஒட்டியிருந்த எடத்துல தழும்பு ஈக்கே! அத ஏன் சொல்ல மாட்டீங்க? சாமான ஏன் இப்படித் தூக்கிப் பேசுறீங்க, வெக்கமில்லையா?”

கோயில் வாசலில் கடலை விற்கிறவர் வண்டியை விட்டுவிட்டு வந்து நின்றார். யார் விற்கிறார், யார் வாங்குகிறார் என்று என்னிடம் கேட்டார். எனக்கும் கொஞ்சம் குழப்பமாகத்தான் இருந்தது.

நாற்பத்தொன்றில் வந்து நின்றது. அதற்குக் கீழே சுந்தரலிங்கம் இறங்கவில்லை. வியர்வை வடிந்தது. நாலு தடவை பார்த்தான்.

“நாப்பத்தொண்ணுதான் கலா. மனசறிஞ்சு இதுக்குக் கீழ சொல்ல முடியாது. ராஜாவோட காது நல்லா இருக்கு. சுத்தமான காது.”

“மூவாயிரம் ரூபாவுக்குக் காதா?” என்றார் நபீல்.

“கூட மூவாயிரத்த வாங்கிக்கங்களேன் நானா,” என்றேன் நான்.

“சென்னேனே, மேல ஒரு சதம் எடுக்க மாட்டேன்.”

சுந்தரலிங்கம் குனிந்து, படியில் கிடந்த சாவியை எடுத்தான். உண்டியல் பக்கம் பார்த்தான். கலாராணி அவனைத் தடுக்கவில்லை. அவள் கண் கலங்கியிருந்தது, ஆனால் தடுக்கவில்லை.

நபீல் அவளையும் அவனையும் பார்த்தார். பிறகு சுந்தரலிங்கத்தின் கையிலிருந்த காசை எடுத்தார். “இது இன்னும் என்ட சாமான்தானே?” என்று கேட்டார். கேட்டுவிட்டு, குந்தி உட்கார்ந்து, ராஜாவின் காதைக் கருங்கல் படியில் வைத்து இரண்டு இழுப்பு இழுத்தார்.

“இப்பப் பாருங்க முதலாளி.”

சுந்தரலிங்கம் பார்த்தான். நீண்ட நேரம் பார்த்தான்.

“காது போச்சு,” என்றான். “முப்பத்தெட்டு.”

கலாராணி கண்ணாடியை வாங்கித் தானும் பார்த்தாள். மாவுக் கையால் காசைத் திருப்பினாள். முடியைப் பார்த்தாள், மூக்கைப் பார்த்தாள், காது இருந்த இடத்தைப் பார்த்தாள். பிறகு கண்ணாடியை என்னிடம் நீட்டினாள்.

“அண்ணே, நீங்க வாசிங்க.”

முப்பத்தொரு வருடப் பழக்கம். தெரிந்ததைத்தான் சொன்னேன். “முப்பத்தெட்டு.”

“அப்பாவுக்கு இப்படி நாலு பேரு நின்னு பாத்திருந்தா,” என்று தொடங்கினாள். தெருவில் மோட்டார் சைக்கிள் ஒன்று போனது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. “போய்க் கடையத் திறங்க,” என்றாள். “அடுப்புல ரொட்டிக்கல்லு காயுது.” முச்சக்கரவண்டியில் ஏறிப் போய்விட்டாள்.

நாலு மணித் தேநீருக்குக் கடை திறந்திருந்தது. நபீலுக்கு முப்பத்தெட்டாயிரத்தையும் எண்ணிக் கொடுத்தான். அவர் கழன்ற காலை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டார். இப்போது அது கடுகண்ணாவையில் கண்ணாடிப் பெட்டிக்குள் வெல்வெட்டில் இருக்கிறது. மற்ற நாலும் கண்டியில் இருக்கின்றன என்று சொல்வார். முன்னைவிட இரண்டு மடங்கு வாகனம் நிற்கிறதாம்.

காசைத்தான் விற்க முடியவில்லை. போலி என்று சொல்லி விற்றால் பொய். அசல் என்று சொன்னால் நம்ப ஆளில்லை. முந்தி அதைப் பார்த்தவர்கள் எல்லாரும் ‘மற்றக் கால் எங்கே?’ என்று கேட்டுவிட்டுப் போனார்கள். ஒரு நாள் சுந்தரலிங்கம் அதை எடுத்து என் சட்டைப் பையில் போட்டான். சாட்சி சொன்னதற்கு என்றான். விலை வாங்காமல் கொடுப்பதால் இதற்கு உத்தரவாதம் இல்லை, திருப்பி எடுக்கவும் மாட்டேன் என்று தெளிவாகச் சொல்லித்தான் கொடுத்தான். அவன் வாயிலிருந்து ‘மாட்டேன்’ என்ற சொல்லை நான் கேட்டது அன்றைக்குத்தான்.

அந்தக் காசைத்தான், மொட்டை ராஜாவும் நாலு கால் யானையுமாக, நான் இவ்வளவு நேரமும் வலது கையில் பிடித்திருந்தேன்.

இப்போது கை வலிக்கிறதே என்று, மருமகள் நிரஞ்சனி குளிர்சாதனப் பெட்டிக் கதவில் பில் ஒட்டி வைக்கிற காந்தத்துக்குப் பக்கத்தில் அதை வைத்தேன், ஓடிப்போய் ஒட்டிக்கொண்டது.